பங்குக் கிணறும் ஒட்டகமும்: ஒரு பிழையைத் தேடிப்போன கதை

இன்னைக்கு ஒரு ப்ரோகிராமிங் கதை. ஆனா கிணத்துல இருந்து ஆரம்பிக்கப் போறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ரெண்டும் ஒரே கதைதான்.

எங்க அம்மா ஊர் எழுமலை. மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறி, உசிலம்பட்டில இறங்கி, அங்க இருந்து இன்னொரு பஸ். மேற்கே பார்த்தா மலை, இந்தப் பக்கம் மானாவாரிக் காடு, நடுநடுவே கிணத்துப் பாசனம். மாமாவுக்கு அங்க ஒரு பங்குக் கிணறு இருக்கு. தாத்தா காலத்துல ஒரே கிணறு, ஒரே மோட்டார். பாகம் பிரிச்சப்ப கிணறு பொதுவாச்சு. மாமாவுக்கு ஒரு மோட்டார், அவரோட சித்தப்பா மகனுக்கு ஒரு மோட்டார். தாத்தா ஒரு மோட்டாருக்குன்னு இழுத்த பழைய கேபிள்லயே ரெண்டாவதையும் மாட்டிட்டாங்க.

நான் காலேஜ் மூணாவது வருஷம் லீவுக்குப் போயிருந்தப்ப, மாமாவோட மோட்டார் ட்ரிப் ஆக ஆரம்பிச்சது. எப்பவும் இல்ல. சில நாள் நாலு மணி நேரம் ஜம்முனு ஓடும். சில நாள் பத்து நிமிஷத்துல நின்னுடும். ஸ்டார்ட்டரை மாத்தினார். காயில் கட்டினார், ரெண்டு தடவை. காயில் கட்டின மெக்கானிக் பல வருஷமா பழக்கம், அவர்கிட்ட சண்டை போட்டு வேற ஆள்கிட்ட போனார். கடைசியில, "பங்காளிதான்டா மாப்ள ஏதோ பண்றான்"னு சொல்லிட்டார். ஏற்கெனவே வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை கம்மி. இப்ப சுத்தமா நின்னுபோச்சு.

அந்தக் கிணத்தை இங்கயே விட்டுட்டு நாம பாரிஸுக்குப் போவோம்.

செத்துப்போகக் கூடாத ப்ரோக்ராம்

ஓகேமல்னு ஒரு மொழி. ஒட்டகம்தான் அதோட சின்னம். பிரான்ஸ் நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமான இன்ரியாவில் பிறந்தது. 1996-ல் ஆப்ஜெக்டிவ் கேமல் என்ற பெயரில் வெளிவந்தது. இது ஃபங்ஷனல் ப்ரோகிராமிங் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அதாவது, "இந்தப் பெட்டியில இருக்கிறதை எடு, மாத்து, திரும்ப வை"ன்னு கட்டளை கட்டளையா எழுதாம, கணக்குப் பாடத்துல வர்ற சார்பு மாதிரி எழுதுறது. இது உள்ளே போனா அது வெளியே வரும். ஒரு தடவை உருவான மதிப்பை முடிஞ்சவரை மாத்தக் கூடாது.

இதுல ஒரு பெரிய நிம்மதி உண்டு. நீங்க சி மொழில எழுதியிருந்தா செக்மென்டேஷன் ஃபால்ட் உங்களுக்குப் பழைய நண்பன். தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டதும் ஆபரேட்டிங் சிஸ்டம் ப்ரோக்ராமைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளும். ஓகேமல்ல அது நடக்கக் கூடாது. டைப் சரியா இருக்கான்னு கம்பைலர் முன்னாடியே பார்த்திடும், மெமரியைக் கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கும். அப்படியும் ஒரு ப்ரோக்ராம் அப்படிச் செத்தா, பிழை உங்க கோட்ல இல்லாம வேற எங்கயோ ஆழத்துல இருக்க வாய்ப்பு அதிகம்.

2016 ஏப்ரல் கடைசி. ஓகேமல் 4.03 வெளியாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. அந்த மொழியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஸேவியர் லெராய்க்கு ஒரு தகவல் வருது. ஓகேமலைத் தீவிரமாகப் பயன்படுத்தும் ஒரு தொழில் நிறுவனம். புது வெர்ஷன்ல கம்பைல் பண்ணின அவங்க ப்ரோக்ராம் திடீர் திடீர்னு சாகுது. ஒவ்வொரு தடவையும் சாகிறதில்ல. செத்தாலும் ஒரே இடத்துல சாகிறதில்ல. இன்னொரு விஷயம்: அவங்ககிட்ட இருந்த புது கம்ப்யூட்டர்கள்ல மட்டும்தான் நடக்குது. அதெல்லாம் இன்டெல்லோட ஸ்கைலேக் பிராசசர். 2015-ல் வந்தது, அப்போ லேட்டஸ்ட்.

லெராயோட முதல் சந்தேகம் மெமரி சிப் மேலே. அது நியாயமான சந்தேகம். மெமரில ஒரு பிட் பழுதானா இப்படித்தான் கண்ட இடத்துல சாகும். ஆனா பழுது ஒரு மெஷின்ல இருந்தா சரி. பல மெஷின்ல ஒரே மாதிரி எப்படி? அதுவும் பழைய பிராசசர் இருக்கிற மெஷின்ல ஒண்ணுமே ஆகலையே?

அதனால அந்த நிறுவனத்தோட மெஷினையே வாங்கி, தூரத்துல இருந்து உள்ளே போய்த் தேட ஆரம்பிச்சார். தேடும்போது ஒரு வடிவம் தெரிஞ்சது. ப்ரோக்ராமை ஒண்ணு ரெண்டு பிரதியா ஓட்டினா ஒண்ணும் ஆகல. ஒரே நேரத்துல நிறைய பிரதி ஓடவிட்டு மெஷினை நெருக்கினா சாகுது.

ஒரு கிணறு, ரெண்டு மோட்டார்

இங்கதான் கிணறு திரும்ப வருது. பிராசசர்ல கோர்னு சொல்றோமே, அது நிஜத்துல கணக்குப் போடுற இடம். ஒரு கோர் எப்பவும் முழு வேகத்துல வேலை செய்யாது. மெமரில இருந்து தகவல் வர்ற வரைக்கும் சும்மா காத்துக்கிட்டிருக்கும். அந்தச் சும்மா நேரத்தை வீணாக்க வேணாம்னு ஒரே கோரை ரெண்டு கோர் மாதிரி காட்டி, ரெண்டு வேலையை மாத்தி மாத்தி விடுறதுக்குப் பேர்தான் ஹைப்பர்த்ரெடிங். நாலு கோர் இருக்கிற பிராசசர் எட்டுன்னு கணக்குக் காட்டும். கிணறு ஒண்ணு, மோட்டார் ரெண்டு.

மெஷின்ல வேலை கம்மியா இருந்தா ஒவ்வொரு கிணத்துலயும் ஒரு மோட்டார்தான் ஓடும். வேலை கூடினா, ஒரே கிணத்துல ரெண்டும் ஓடும். அப்பதான் ப்ரோக்ராம் சாகுது. லெராய் சொன்னார்: ஹைப்பர்த்ரெடிங்கை ஆஃப் பண்ணிப் பாருங்க. ஆஃப் பண்ணினாங்க. சாவு நின்னுபோச்சு.

இன்னொரு தடயமும் கிடைச்சது. ஓகேமலோட ரன்டைம், அதாவது கார்பேஜ் கலெக்டரெல்லாம் இருக்கிற அடித்தளம், சி மொழில எழுதினது. பழைய வெர்ஷன்ல அதை ஜிசிசி கம்பைலரோட ஓ1 நிலைல, அதாவது மிதமான ஆப்டிமைசேஷன்ல கம்பைல் பண்ணிட்டிருந்தாங்க. 4.03-ல் அது ஓ2 ஆச்சு. ஓ1-க்குத் திரும்பினா சாவு இல்ல. ஜிசிசிக்குப் பதிலா கிளாங் கம்பைலரைப் பயன்படுத்தினாலும் இல்ல.

அப்ப குற்றவாளி ஜிசிசியா? அதுவும் பொருந்தல. ஜிசிசி தப்பான கோடை உருவாக்கியிருந்தா எல்லா பிராசசர்லயும் சாகணும், ஹைப்பர்த்ரெடிங் இருந்தாலும் இல்லாட்டியும் சாகணும். மிச்சம் இருக்கிறது ஒரே ஆள். பிராசசர்.

சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்குத் தெரியும், இது எவ்வளவு கூச்சமான முடிவுன்னு. "என் கோட் சரி, கம்ப்யூட்டர்தான் தப்பாக் கணக்குப் போடுது"ன்னு முதல் வருஷத்துல எல்லாரும் ஒரு தடவை சொல்லியிருப்போம். எல்லார் தடவையும் நம்ம கோட்தான் தப்பா இருந்திருக்கும். லெராய் அதைச் சொன்னது கடைசி ஆளாகத்தான், மத்த எல்லாரையும் விசாரிச்சு முடிச்சுட்டு.

பட்டாவும் உட்பிரிவும்

சரி, அந்தச் சிப்புக்குள்ள அப்படி என்னதான் நடந்தது? கொஞ்சம் உள்ளே போவோம்.

கார்பேஜ் கலெக்டரோட வேலை, யாருக்கும் தேவைப்படாத மெமரியைத் திரும்ப எடுக்கிறது. ஓகேமல்ல மெமரில இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் முன்னாடி 64 பிட் தலைப்பு ஒண்ணு இருக்கும். அதுல ரெண்டே ரெண்டு பிட் நிறத்துக்கு. கலெக்டர் முதல்ல ஒரு சுத்து சுத்தி, இன்னும் தேவைப்படுறதுக்கெல்லாம் கருப்பு அடிக்கும். ரெண்டாவது சுத்துல கூட்டிப் பெருக்கும். வெள்ளையா இருந்தா காலி பண்ணு, கருப்பா இருந்தா அடுத்த தடவைக்காக மறுபடி வெள்ளை ஆக்கிட்டு விட்டுடு. லட்சக்கணக்கான பொருள் மேல ஓடுற ஒரு குட்டி லூப் அது.

கருப்பை வெள்ளை ஆக்கணும்னா அந்த ரெண்டு பிட்டையும் பூஜ்யம் ஆக்கணும். அந்த ரெண்டும் 8-வது, 9-வது பிட். இப்ப இன்டெல் பிராசசர்ல ஆர்ஏஎக்ஸ்னு ஒரு ரெஜிஸ்டர் இருக்கு, 64 பிட். அதுல 8 முதல் 15 வரைக்குமான பிட்டுக்கு மட்டும் ஏஹெச்னு தனிப் பெயர் உண்டு. நிலப் பத்திரம் பார்த்தவங்களுக்குப் புரியும்: முழு நிலத்துக்கு ஒரு சர்வே நம்பர், அதுக்குள்ள ஒரு துண்டுக்கு உட்பிரிவு நம்பர். நிலம் ஒண்ணுதான், கூப்பிடுற பெயர் ரெண்டு.

கிளாங் முழு நிலத்தையும் பிடிச்சு அந்த ரெண்டு பிட்டைத் துடைச்சது. ஓ2-ல் இருந்த ஜிசிசி சாமர்த்தியமா, "எதுக்கு முழுசும்? உட்பிரிவை மட்டும் மாத்தினா போதுமே"ன்னு ஏஹெச்சைத் தொட்டது. ரெண்டுமே விதிப்படி சரி. ஆனா ஸ்கைலேக்கில், ஒரு குட்டி லூப்புக்குள்ள உட்பிரிவையும் முழு நிலத்தையும் கலந்து பயன்படுத்தி, அதே நேரத்துல அந்தக் கோரின் ரெண்டாவது த்ரெடும் ஓடிக்கிட்டிருந்து, வேற சில உள்நிலைமைகளும் சேர்ந்தா, என்ன நடக்கும்னு சொல்ல முடியாத நிலை. தலைப்பு கெட்டுப்போச்சுன்னா அந்த நிமிஷமே எதுவும் தெரியாது. எப்பவோ, எங்கயோ, அந்தப் பொருளைத் தொடுற அப்பாவி வரிலதான் ப்ரோக்ராம் சாகும். கண்ட இடத்துல செத்ததுக்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு துல்லியமா இப்ப என்னால சொல்ல முடியுது. 2016-ல் லெராய்க்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது, ஹைப்பர்த்ரெடிங்கை ஆஃப் பண்ணினா சரியாகுதுங்கிறது மட்டும்தான். அந்த நிறுவனத்துக்கும் அதுவே போதுமா இருந்தது. தேடல் அத்தோட நின்னுபோச்சு.

ரெண்டாவது ஆள்

எட்டு மாசம் போச்சு. 2017 ஜனவரி. ஓகேமலோட பொதுப் பிழைப் பட்டியல்ல 7452-வது பதிவா ஒண்ணு வருது. எழுதினது அஹ்ரெஃப்ஸ் நிறுவனத்துப் பொறியாளர்கள். கம்பைல் பண்ணும்போது திடீர் திடீர்னு சாகுதுன்னு. லெராய் பார்த்ததும் கேட்டார்: அது ஸ்கைலேக் தானே? ஆமா. ஹைப்பர்த்ரெடிங்கை ஆஃப் பண்ணினா? சரியாகுது.

முதல் தடவை இது ஒரு நிறுவனத்துக்கும் லெராய்க்கும் நடுவே இருந்த தனி விஷயம். இந்தத் தடவை பொதுவில். அதுதான் எல்லாத்தையும் மாத்துச்சு. பலர் பார்த்தாங்க, பலர் ஓட்டிப் பார்த்தாங்க. எந்த லூப், எந்த ரெஜிஸ்டர்னு இடத்தைச் சுருக்கினாங்க. ஓகேமலை நம்பித் தொழில் நடத்துற ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் மார்க் ஷின்வெல் விஷயத்தை இன்டெல் வரைக்கும் கொண்டுபோனார்.

அப்புறம் மே மாசம், டெபியன் லினக்ஸோட மைக்ரோகோட் தொகுப்புல வந்த ஒரு மாற்றக் குறிப்பு கண்ணில் பட்டது. இன்டெல் தன் பிழைப் பட்டியல்ல எஸ்கேஎல்150னு ஒண்ணைச் சேர்த்திருந்தது. குட்டி லூப், ஏஹெச் மாதிரி ரெஜிஸ்டரும் அதன் முழு ரெஜிஸ்டரும், ரெண்டு த்ரெடும் ஓடணும். மேலே நான் சொன்ன எல்லாம் அதுல இருந்தது. மைக்ரோகோட்ங்கிறது சிப்புக்குள்ள ஏத்துற ஒரு திருத்தம். அதுல சரி பண்ணியிருந்தாங்க. ஜூன் 25 அன்று டெபியன் உலகத்துக்கே எச்சரிக்கை விட்டது: ஸ்கைலேக், கேபி லேக் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் திருத்தத்தை ஏத்துங்க, முடியலைன்னா ஹைப்பர்த்ரெடிங்கை ஆஃப் பண்ணுங்க. ஓகேமலே தெரியாத லட்சக்கணக்கான பேருக்கும் சேர்த்துத்தான்.

1994-ல் ஒரு கணக்கு வாத்தியார்

இன்டெலுக்கு இது புதுசு இல்ல. 1994 ஜூன். அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். 11, 13 மாதிரி ரெண்டு வித்தியாசத்துல வர்ற ஜோடிகள். விடை உதைத்தது. தன் ப்ரோக்ராம், கம்பைலர், மதர்போர்டுன்னு ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வந்தார். இதுக்கு அவர் எடுத்துக்கிட்டது நாலு மாசம். அக்டோபர்ல இன்டெலுக்குச் சொன்னார், சில நாள் கழிச்சு மத்தவங்களுக்கும் எழுதினார். பென்டியம் சிப்புக்குள்ள வகுத்தலுக்காக இருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தா 1.3338 வரணும், பென்டியம் 1.3337ன்னு சொல்லும். முதல்ல, சாதாரண ஆளுக்கு இது படவே படாதுன்னு இன்டெல் சொல்லிப் பார்த்தது. டிசம்பர்ல இறங்கிவந்து, கேட்கிற எல்லாருக்கும் மாத்திக் கொடுத்தது. செலவு 47.5 கோடி டாலர்.

அந்த அடி இன்டெலை மாத்துச்சு. சோதிச்சுப் பார்த்தா மட்டும் போதாது, சரின்னு கணித முறையில் நிரூபிக்கணும்னு அந்தப் பக்கம் தீவிரமா இறங்கினாங்க. அந்த நிரூபணக் கருவிகள் எந்த மொழியில்? ஃபங்ஷனல் மொழிகளில்தான். இன்டெலுக்குள்ளேயே வளர்ந்த ஃபோர்ட்டே என்ற கருவிக்குள்ள இருந்தது ஒரு ஃபங்ஷனல் மொழி. 1998-ல் இன்டெலில் சேர்ந்த ஜான் ஹாரிசன், தசமக் கணக்குகளைச் சரிபார்த்தது ஹெச்ஓஎல் லைட் என்ற கருவியை வெச்சு. அது எழுதப்பட்டது ஓகேமல் குடும்பத்து மொழியில்.

கவனிச்சீங்களா? சிப்பைச் சரிபார்க்க இன்டெல் துணைக்குக் கூப்பிட்ட அதே மொழிக் குடும்பம்தான், 20 வருஷம் கழிச்சு, யாரும் கூப்பிடாமலே அதே இன்டெல் சிப்புல ஓட்டை இருக்குன்னு வந்து நின்னுச்சு.

நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு கிளை உண்டு. ஐஐடி மெட்ராஸில் காமகோடி தலைமையிலான குழு உருவாக்கின சக்தி பிராசசர், ப்ளூஸ்பெக் என்ற மொழியில் வடிவமைக்கப்பட்டது. ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியோட சாயல்ல பிறந்தது அது. எம்ஐடியின் அர்விந்தும் ரிஷியூர் நிகிலும் அதன் பின்னால் இருந்தவர்கள். சுற்றுகளை ஒயர் ஒயரா வரையாம விதிகளா எழுதினா, ரெண்டு வேலை ஒண்ணோட ஒண்ணு மோதுற இந்த மாதிரிப் பிழைகளில் ஒரு பகுதியை மொழியே தடுத்துடும்ங்கிறது அதன் அடிப்படை யோசனை. 2018-ல் சக்தியின் ஆரம்ப சிப்களில் ஒன்று அச்சாகி வந்தது. எந்தத் தொழிற்சாலையில் தெரியுமா? அமெரிக்காவின் ஓரிகனில், இன்டெலுடையதில்.

மறுபடி கிணத்துக்கு

மாமா கதையை முடிச்சிடறேன். காயில் மூணாவது தடவை கட்டணும்னு இருந்தப்ப, உசிலம்பட்டில இருந்து ஒரு வயசான எலக்ட்ரீஷியன் வந்தார். மோட்டாரைக் கழட்டவே இல்ல. திண்ணைல உக்காந்து கேட்டார்: "நிக்கும்போது பக்கத்து மோட்டார் ஓடுச்சா?"

மாமாவுக்குத் தெரியல. பேச்சே இல்லையே, எப்படித் தெரியும்? "அந்த ஆளைக் கூப்பிடுங்க"ன்னார். மாமா போகல. "நீ போடா மாப்ள"ன்னு என்னை அனுப்பினார். வந்தவர் சொன்ன முதல் வார்த்தை: "ஏன், என் மோட்டாரும்தானே நிக்குது? இவரு ஏதோ பண்றாருன்னுல்ல நான் நெனச்சேன்."

ரெண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது பழைய கேபிள் தாங்காம வோல்டேஜ் இறங்கியிருக்கு. வோல்டேஜ் இறங்கினா மோட்டார் ஆம்ப்ஸ் அதிகம் இழுக்கும், ரிலே தட்டிவிடும். மெக்கானிக் மேலயும் தப்பு இல்ல, பங்காளி மேலயும் தப்பு இல்ல. கேபிள் மாத்த அன்னிக்குக் காசு இல்ல, அதனால முறை வெச்சு ஓட்டினாங்க: காலைல இவர், மதியம் அவர். அதாவது, ஹைப்பர்த்ரெடிங் ஆஃப். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுத் தடிமனான கேபிள் இழுத்தாங்க. அது மைக்ரோகோட்.

எனக்கு லெராய் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் கண்டுபிடிப்பு இல்ல, நடுவுல இருக்கிற அந்த எட்டு மாசம். ஒரு மிகப் பெரிய மூளை, கிட்டத்தட்ட சரியான விடை, ஆனா விஷயம் ரெண்டு பேருக்குள்ளயே தங்கிடுச்சு. அது நகர்ந்தது, இன்னொருத்தர் பொதுவுல வந்து "எனக்கும் நிக்குது"ன்னு சொன்னப்புறம்தான்.

நான் டீம் லீடா இருக்கிற இந்த ஒண்ணரை வருஷத்துல, காரணம் தெரியாத ஒரு பிழைக்கு ஒரு ஜூனியர் பையனோட பேரை நானே டிக்கெட்ல எழுதியிருக்கேன். கடைசியா அந்தக் கோடைத் தொட்டது அவன்ங்கிற ஒரே காரணத்துக்காக. பிழை வேற இடத்துல இருந்தது. அவன்கிட்ட சாரி சொன்னேன், அதுக்குள்ள அவன் ரெண்டு வாரம் தூங்கல. காயில் கட்டின மெக்கானிக்கை மாமா பண்ணினதைத்தான் நானும் பண்ணியிருக்கேன்.

இப்ப எங்க டீம்ல, பிழைக்குக் காரணம் நிரூபணம் ஆகிற வரைக்கும் டிக்கெட்ல ஆள் பேர் எழுதுறதில்ல. அந்த இடத்துல ஒரு கேள்வியை வெச்சிருக்கேன். அந்த எலக்ட்ரீஷியன் கேட்டதுதான்: அப்ப பக்கத்துல வேற என்ன ஓடிக்கிட்டிருந்தது?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.